நடுவர் ஏன் ஊதினார்? ரக்பி ஆட்டமும் அதன் பார்வையாளரும்

விளையாட்டு என்பது ஆடுவோர்க்கா, காண்போர்க்கா என்னும் வினா பழையது. ஊர்த் திடலில் சடுகுடு ஆடும் இளைஞர்கள், பார்க்க எவரும் வரவில்லை என்பதற்காக ஆட்டத்தை நிறுத்திவிடுவதில்லை. ஆனால், ஆட்டக்காரர்க்குச் சம்பளம், அரங்கத்துக்கு வாடகை, தொலைக்காட்சிக்கு நேரம் என்று வந்துவிட்ட பிறகு, பார்க்க ஆளில்லாத ஆட்டம் பிழைப்பது அரிது. இந்தச் சிக்கலில் நூறாண்டுக்கும் மேலாக உழன்றுவரும் ஆட்டம் ஒன்று உண்டு. அதுதான் ரக்பி யூனியன். கூட்டத்தைக் கூட்டுவதற்காக அது என்னென்ன செய்து பார்த்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நம் மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

எனக்கு இந்த ஆர்வம் வந்தது ஓர் இரவில். 2023 அக்டோபர் 28ஆம் நாள் பாரிஸில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். அங்கே இரவு ஒன்பது மணி; நமக்கு நள்ளிரவு கடந்து அரை மணி. அப்போது நான் முதலாண்டு மாணவன். விடுதி அறையில் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, நானும் அறைத் தோழனும் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் மோதின. என் தோழன் கபடி ஆட்டக்காரன். எந்த விளையாட்டையும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வான். அன்று அவன் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏண்டா, இப்ப எதுக்கு ஊதினாரு?"

முதல் நாலைந்து முறை விடை சொன்னேன். பிறகு எனக்கே ஐயம் வந்துவிட்டது. நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றியபோது தோழன் துள்ளி எழுந்தான். ஆனால், அதற்கு முன்னரே ஒருவர் கையிலிருந்து பந்து தவறி முன்னால் விழுந்திருந்தது என்று தொலைக்காட்சி நடுவர் கண்டுபிடித்துச் சொல்ல, அந்தப் புள்ளி போயிற்று. முடிவில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. வென்றவர்களின் 12 புள்ளிகளும் ஹாண்ட்ரே போலார்ட் உதைத்த நான்கு தண்டனை உதைகளால் வந்தவை. அன்றைய ஆட்டத்தில் செல்லுபடியான ஒரே ட்ரையைப் போட்ட அணி தோற்றது. "ஊன்றினவன் தோத்துட்டான், உதைச்சவன் ஜெயிச்சுட்டான், நல்ல ஆட்டம்டா இது!" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான் அவன்.

நடுவர் ஏன் ஊதினார், ஊன்றினவன் ஏன் தோற்றான் என்னும் அவனுடைய இரு கேள்விகளும்தாம் ரக்பியை ஆள்வோரை நெடுங்காலமாக உறங்கவிடாமல் வைத்திருப்பவை.

முதலில் ஆட்டத்தைச் சற்றே அறிந்துகொள்வோம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. 80 நிமிட ஆட்டம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னோக்கியோ பக்கவாட்டிலோதான் எறியலாம். முன்னேற வேண்டுமானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. எதிரி குற்றம் செய்தால் கிடைக்கும் தண்டனை உதை கம்பங்களுக்கு நடுவே சென்றால் 3. ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைத்துப் போடும் டிராப் கோலுக்கும் 3.

இதில் தனிச்சிறப்பு, பந்துக்கான போட்டி ஓயாமல் நடந்துகொண்டே இருப்பது. ஓடியவனைப் பிடித்து வீழ்த்தினால் அவன் பந்தை விட்டுவிட வேண்டும். உடனே இரு பக்கத்தாரும் அவன்மேல் நின்று தள்ளிக்கொண்டு பந்துக்குப் போராடுவார்கள். இதற்கு ரக் என்று பெயர். சிறு தவறுக்குப் பின் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துக் காளைகளைப்போல் முட்டித் தள்ளுவது ஸ்க்ரம். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் இரு வரிசையாக நின்று, ஓர் ஆளை மேலே தூக்கிப் பிடித்து, உள்ளே எறியப்படும் பந்தைப் பறிப்பது லைன் அவுட். ரக்கில் பத்துப் பேர் குவியலாகக் கிடக்கையில் யார் கையை எடுக்கவில்லை, யார் பக்கவாட்டில் நுழைந்தார் என்பதை நடுவர் ஒருவரே காண்கிறார். அரங்கத்தில் உள்ளவர்க்கும் தெரியாது. நம் செம்பின்மேல் சாய்ந்த கைப்பேசியிலா தெரியப் போகிறது! ஆனாலும் ஆட்டத்தின் உயிர் அந்தக் குவியலில்தான் இருக்கிறது.

பார்வையாளருக்காக அந்தக் குவியலை நீக்கிவிட்டால் என்ன? நீக்கிப் பார்த்தவர்களும் உண்டு. வரலாற்று மாணவனாகிய என்னை இந்த ஆட்டத்தின்பால் இழுத்தது அந்தக் கதைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் பாடுபட்டவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் அந்நேரத்துக் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்றார்கள் வடபுலத்துச் சங்கத்தார். காசுக்கு ஆடுவது ஆட்டத்துக்கே இழுக்கு என்றார்கள் லண்டன் கனவான்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடி வடபுலத்தார் பிரிந்து போனார்கள். கூலி கொடுக்க வேண்டுமானால் நுழைவுக் கட்டணம் வர வேண்டும். கட்டணம் வர வேண்டுமானால் ஆட்டம் சுவைக்க வேண்டும். ஆகவே 1897இல் லைன் அவுட்டை எடுத்தார்கள். 1906இல் ஆட்டக்காரரை 13 ஆகக் குறைத்தார்கள்; வீழ்ந்தவனே எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளித் தொடரட்டும் என்று விதித்தார்கள். இன்று ரக்பி லீக் என்று அழைக்கப்படுவது இதுவே. வேகமான ஆட்டம், புரிந்துகொள்ள எளியது. ஆனால், ஆறு முறை பிடிபடும்வரை பந்து பெரும்பாலும் ஒரே அணியிடம் இருக்கும்; பந்துக்கான மல்யுத்தம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

மற்றொரு பக்கம், யூனியன்காரர்களோ ஆட்டம் ஆடுவோர்க்கே உரியது என்னும் எண்ணத்தில் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டார்கள். அதன் உச்சத்தை 1963இல் எடின்பரோ நகரின் மர்ரேபீல்டு அரங்கத்தில் காணலாம். ஸ்காட்லாந்தை எதிர்த்து ஆடிய வேல்ஸ் அணியின் தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்து கைக்கு வரும்போதெல்லாம் அதைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளினார். ஒரே ஆட்டத்தில் 111 லைன் அவுட்! வேல்ஸ் 6-0 என்று வென்றது. பந்து கைக்கு எட்டுமா என்று வாயிலை நோக்கியபடியே நின்ற ஓரத்து ஆட்டக்காரர்களை எண்ணினால் எனக்கு இரக்கமே வருகிறது.

அத்தகைய ஆட்டங்களின் விளைவாக விதி மாறிற்று. தன் எல்லைப் பகுதிக்குள் நின்று உதைத்தாலொழிய, பந்து நேரே வெளியே போனால் உதைத்த இடத்துக்கே திரும்பி வந்துதான் லைன் அவுட் நடக்கும் என்று 1960களின் இறுதியில் ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் முன்பே இருந்த ஏற்பாடு அது. இந்த ஒரு மாற்றம் செய்த நன்மை பெரிது. உதைத்துத் தப்பிக்க வழியில்லாததால் ஓடத் தொடங்கினார்கள். 1973 ஜனவரி 27 அன்று கார்டிப் நகரில் பார்பேரியன்ஸ் அணி நியூசிலாந்துக்கு எதிராகப் போட்ட முதல் ட்ரை இன்றும் பேசப்படுகிறது. பில் பென்னட் தன் கோட்டருகே பந்தை எடுத்து, உதைத்துத் தள்ளாமல், ஒருவர்பின் ஒருவராக எதிரிகளை ஏமாற்றிவிட்டுக் கைமாற்ற, பலர் கை மாறி முடிவில் கேரத் எட்வர்ட்ஸ் மூலையில் பாய்ந்து ஊன்றினார். பழைய படச்சுருளில் பார்த்தாலும் உடல் சிலிர்க்கிறது.

இனிப் புள்ளிக் கணக்கு. தொடக்கத்தில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்கும் முயற்சிக்கு அது உரிமை தந்தது, அவ்வளவே. ட்ரை என்ற பெயரும் அப்படி வந்ததுதான். பிறகு நெடுங்காலம் 3 புள்ளி, 1971இல் 4, 1992இல் 5. ட்ரையின் விலையை உயர்த்தினால் ட்ரை பெருகும் என்பது கணக்கு. ஆனால், எதிரணியின் கணக்கு வேறு. ஏழு புள்ளி போவதற்குப் பதில் வேண்டுமென்றே குற்றம் செய்து மூன்றோடு முடித்துக்கொள்வது ஆதாயம் அல்லவா? ஆகவே, விலை உயர உயரக் குற்றம் செய்யும் ஆசையும் உயர்கிறது. இதைத் தடுக்க மஞ்சள் அட்டை காட்டிப் பத்து நிமிடம் வெளியே அமர்த்த வேண்டியதாயிற்று. இப்போது பல அணிகள் தண்டனை உதையைக் கம்பத்துக்கு உதைக்காமல் மூலைக்கு உதைத்து, லைன் அவுட்டில் பந்தைப் பிடித்து, எட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து சென்று ஊன்றுகிறார்கள். ட்ரையின் எண்ணிக்கை கூடுகிறது. கண்ணுக்கு விருந்து கூடுகிறதா என்றால் இல்லை என்பதே என் எண்ணம்.

புள்ளி தருவதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு போனஸ் புள்ளி. நான்கு ட்ரை போட்டால் அட்டவணையில் ஒரு புள்ளி அதிகம். ஏழு அல்லது அதற்குக் குறைந்த புள்ளி வேறுபாட்டில் தோற்றாலும் ஒரு புள்ளி. 1996இல் தென் அரைக்கோள நாடுகளின் சூப்பர் 12 போட்டியிலும், 2003இல் உலகக் கோப்பையிலும், 2017இல்தான் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியிலும் வந்தது. தோற்கும் அணிக்கும் கடைசி நிமிடம்வரை ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. பார்ப்பவனும் எழுந்து போவதில்லை.

1995 ஆகஸ்டில் யூனியனும் சம்பள ஆட்டத்துக்குக் கதவைத் திறந்தது. நூறாண்டுக்கு முன் ஹடர்ஸ்பீல்டில் கேட்டதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்! அதன்பின் ஆட்டக்காரர்கள் நாள் முழுதும் பயிற்சி செய்தார்கள்; உடல் பெருத்தது; வேகமும் கூடியது. லீக் ஆட்டத்திலிருந்து வந்த பயிற்சியாளர்கள், அகலமான வரிசையாக நின்று முன்னேறித் தாக்கும் தற்காப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். வேல்ஸ் அணிக்கு 2008இல் சென்ற ஷான் எட்வர்ட்ஸ் அவர்களில் புகழ்பெற்றவர். திடலின் அகலம் பழைய அகலமே; அதை அடைத்து நிற்கும் ஆட்களோ புதியவர்கள். ஓட இடம் எங்கே?

இடம் உண்டாக்கச் செய்த முயற்சிகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2008இல் ஒரு தொகுதிப் புது விதிகளைச் சோதித்தார்கள். ஊர்ந்து செல்லும் கூட்டத்தை எதிரணி கீழே இழுத்துச் சரிக்கலாம் என்பது ஒன்று; அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். பந்தைத் தன் எல்லைப் பகுதிக்குள் பின்னோக்கிக் கொடுத்துவிட்டு நேரே வெளியே உதைத்து இடம் பிடிக்கக் கூடாது என்பது மற்றொன்று. ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களோ பந்தை வெளியே அனுப்பாமல் வானுக்கு உதைத்தார்கள். இந்தப் பக்கத்தான் உதைக்க, அந்தப் பக்கத்தான் திருப்பி உதைக்க, டென்னிஸ் பார்ப்பது போலாயிற்று.

2021இல் சோதனைக்கு வந்த 50-22 விதியோ வேறு வகை. தன் பாதித் திடலிலிருந்து ஒருவர் உதைத்த பந்து, உள்ளே விழுந்து எழும்பி, எதிரியின் 22 மீட்டர்க் கோட்டுக்கு அப்பால் வெளியேறினால், லைன் அவுட்டில் பந்தை எறியும் உரிமை உதைத்தவருக்கே. முன்பெல்லாம் அது எதிரிக்குப் போகும். இந்தப் பரிசை விட்டுவிட அஞ்சி, தற்காப்பு அணி ஓரிருவரைப் பின்னே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் ஆள் குறைய, ஓடுவதற்கு இடம் பிறக்கிறது. உதைக்கு ஒரு பரிசு வைத்தார்கள். ஓட்டத்துக்கு வழி பிறந்தது. லீக் ஆட்டத்தில் இதுபோன்ற விதி முன்பே இருந்தது. பிரிந்து போன தம்பி வீட்டுச் சரக்கை அண்ணன் வீட்டார் கடன் வாங்குவது இது முதல் முறையும் அன்று.

இனித் தோழனின் முதல் கேள்வி. 80 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சற்றேறக்குறைய 35 நிமிடமே. ஸ்க்ரம் சரிந்து, மீண்டும் அமைத்து, மீண்டும் சரிந்து நேரம் கழிகிறது. 2023இல் தண்டனை உதைக்கு 60 விநாடி, ட்ரைக்குப் பிந்திய உதைக்கு 90 விநாடி என்று கடிகாரம் வைத்தார்கள். நல்லதே. ஆயினும், நேரத்தைக் குறைப்பதால் மட்டும் புரியாமை குறையாது. ரக்பியில் நடுவர் சட்டையில் ஒலிவாங்கி அணிந்திருக்கிறார். அவர் ஆட்டக்காரரோடு பேசுவது வீட்டிலிருப்பவர்க்கும் கேட்கிறது. ஆஜானுபாகுவான மனிதர்கள் கைகட்டி நின்று "சரி ஐயா" என்று கேட்டுக்கொள்வது வேறெந்த ஆட்டத்திலும் காணாத காட்சி. அந்த வாய்ப்பை விளக்கத்துக்கு இன்னும் நன்கு பயன்படுத்தலாம். ஊதிய மறுகணமே இன்ன குற்றம், இன்னார் செய்தார் என்று திரையில் எளிய சொற்களில் காட்டினால் என் தோழன் விழித்திருந்திருப்பான். விதி எதையும் திருத்தாமலே செய்யக்கூடியது இது.

வேகம் வேகம் என்று கேட்கும்போது அதன் விலையையும் பார்க்க வேண்டும். 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் முன்வரிசையில் ஆடிய ஸ்டீவ் தாம்சன், அந்தக் கோப்பையை வென்றதே தன் நினைவில் இல்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு இளம் வயதிலேயே மறதி நோய். அவரைப்போல் பலர் தலையில் பட்ட அடிகளுக்காக வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். என்னைப்போல் இரவு கண்விழித்துப் பார்ப்பவனின் களிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஆகவே, கூட்டமும் கூடி, உடலும் காக்கப்பட ஒரு வழி உண்டா என்று தேடினால், மாற்று ஆட்டக்காரர் பற்றிய வாதம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1968க்கு முன் பன்னாட்டு ஆட்டத்தில் ஒருவர் அடிபட்டு வெளியேறினால் மாற்று கிடையாது. 14 பேரே ஆடுவார்கள். பிறகு காயத்துக்கு மட்டும் மாற்று. 1996 முதல் உத்திக்காகவும் மாற்று. இப்போது எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். 2023 இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா அந்த எட்டில் ஏழு பேரைப் பருத்த முன்வரிசைக்காரர்களாகவே வைத்திருந்தது. அறுபதாம் நிமிடத்தில் களைத்தவன்மீது களைக்காதவன் மோதுகிறான். களைப்பினால் பிறக்க வேண்டிய இடைவெளி பிறப்பதில்லை. மோதலின் வேகமோ தணிவதில்லை. மாற்றுகளைக் காயத்துக்கென்றே பெரும்பாலும் ஒதுக்கினால், 80 நிமிடம் ஓடக்கூடிய, அவ்வளவு பருமனில்லாத உடல்களைத் தேடுவார்கள். கடைசி இருபது நிமிடத்தில் திடல் தானே திறக்கும். காயமென்று பொய் சொல்வார்கள் என்பதும், களைத்தவன் தவறாகப் பிடித்து அடிபடுவான் என்பதும் எதிர்வாதங்கள். புறக்கணிக்கத் தக்கவை அல்ல; ஆனாலும் சோதித்துப் பார்க்கலாம்.

ட்ரை நிறைந்தால்தான் சுவை என்று நான் சொல்லவில்லை. 1995 ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் ஒரு ட்ரைகூட இல்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கி உதைத்த டிராப் கோலில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று நியூசிலாந்தை வென்றது. வெள்ளையரின் சின்னமாக இருந்த பச்சைச் சட்டையை அணிந்து நெல்சன் மண்டேலா கோப்பையைக் கொடுத்த நாளில் யார் ட்ரையை எண்ணினார்கள்? 2015 செப்டம்பர் 19 அன்று பிரைட்டன் நகரில் ஜப்பான் அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 29-32 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிக் கணத்தில் தண்டனை உதை கிடைத்தது, உதைத்தால் சமன். தலைவர் மைக்கேல் லீச் உதைக்க மறுத்து ஸ்க்ரம் கேட்டார். கார்ன் ஹெஸ்கெத் மூலையில் ஊன்ற, 34-32. உதைத்து மூன்று எடுக்கலாம் என்ற வாய்ப்பு இருந்ததால்தான் அதை மறுத்ததில் அத்தனை வீரம். தண்டனை உதையின் மதிப்பைக் குறைத்துவிட வேண்டும் என்போர் இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சில இடங்களில் எந்தச் சீர்திருத்தமும் இன்றியே கூட்டம் வருகிறது. இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடய ஆட்டத்துக்குப் பாட்டனும் பேரனும் சேர்ந்தே வருகிறார்கள். தம் பள்ளி, தம் ஊர் என்னும் ஒட்டுதல் இருந்தால் நடுவர் எதற்கு ஊதினாலும் பொறுத்துக்கொள்வார்கள். அது இல்லாவிட்டால் கல்கத்தாவின் கதைதான். 1873இல் அங்கே ஆங்கிலேயர் தொடங்கிய ரக்பி சங்கம் ஐந்தாண்டில் ஆளின்றி மூடப்பட்டது. வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகங்கள் கைப்பிடியாகவும் யானை மூடிமேலும் அமைந்த ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன.

மற்றொரு வழி, ஆட்டத்தைச் சுருக்குவது. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் 1883இல் சங்கத்துக்குப் பணமில்லாதபோது, நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் சொன்ன யோசனை: பக்கத்துக்கு ஏழு பேர். திடல் அதே அளவு. இன்று பாதிக்கு ஏழு நிமிடம். ஓட்டம் தவிர வேறில்லை. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பிஜி தீவு பிரிட்டனை 43-7 என்று வென்று, தன் வரலாற்றில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகப் பெற்றது இந்த ஆட்டத்தில்தான். ஆனால், ஏழு பேர் ஆட்டத்தில் பருத்தவனுக்கும் நெட்டையனுக்கும் வேலை குறைவு. குட்டையன், நெட்டையன், தடியன், ஒல்லியன் அனைவர்க்கும் தனித்தனி இடம் உண்டு என்பது பதினைந்து பேர் ஆட்டத்தின் அழகு. அதை இழக்க எனக்கு மனமில்லை.

2025 ஜூனில் மும்பையில் நம் நாட்டின் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஏழு பேர் ஆட்டம். நான்கு நிமிடக் கால் பகுதிகள் நான்கு. மொத்தம் 16 நிமிடம். சென்னை புல்ஸ் என்ற அணி கோப்பையை வென்றது. அதே அறை, அதே செம்பு, அதே தோழன். இம்முறை அவன் விசிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும், "அவ்வளவுதானா? அந்தத் தலையை முட்டித் தள்ளுவாங்களே, அது இதில இல்லியா?" என்றான். இருக்கிறது, மூன்று மூன்று பேராக என்றேன். அது போதாது என்றான்.

அடுத்த உலகக் கோப்பை 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. இம்முறை 24 அணிகள். அங்கே மாலை என்றால் இங்கே பகல், கண்விழிக்க வேண்டியதில்லை. ரக்கில் எந்தெந்தக் குற்றத்துக்கு ஊதுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்படி அவன் இப்போதே கேட்டிருக்கிறான். பாதி எழுதி வைத்திருக்கிறேன்.